தண்ணீர் ஒட்டாத சுருள்முடி: படிவை எடுக்கப் பிடித்த ஒன்பது வாரம்

இரண்டு வாரத்துக்கு முன் ஷவருக்கு அடியில் நின்றபோது பத்து நொடிக்குள் என் முடி முழுக்க நனைந்து கனத்தது. நேர்முடிக்காரர்களுக்கு இதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதற்கு முன் அதே முடி உள்வரை நனைய 1 நிமிடம் 40 நொடி ஆகிக்கொண்டிருந்தது. மேலே விழுந்த தண்ணீர் முத்து முத்தாக உருண்டு ஓடும். உள்ளே விரலை விட்டால் காய்ந்தே இருக்கும். அன்று தண்ணீர் உள்ளே இறங்கியதை உணர்ந்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. என்ன செய்தேன், எங்கே தவறினேன் என்பதை நோட்டில் குறித்து வைத்திருந்தேன். அதைப் பார்த்துத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் முடி எப்படி இருந்தது என்பது. தோளுக்குக் கீழே இறங்கும் நீளம், விரலில் சுற்றிய மாதிரி நெருக்கமான சுருள். வாரத்தில் இரண்டு தடவை தலைக்குக் குளிப்பேன். சல்ஃபேட் என்ற பலமான நுரைப்பொருள் இல்லாத ஷாம்பு, கெட்டியான கண்டிஷனர், குளித்த பின் அலசாமல் விடும் லீவ்-இன் கிரீம், அதன் மேல் ஜெல், காய்ந்ததும் பளபளப்புக்கு இரண்டு சொட்டு சீரம். இப்படியே ஒன்றரை வருடம். கடைசி ஆறு மாதத்தில்தான் மாற்றம் தெரிந்தது. காதுக்குப் பின்னால் இருந்த சுருள்கள் தொங்கிப்போய் வெறும் அலை ஆயின. நுனி மட்டும் விறைத்து நின்றது. கிரீம் போட்டால் உள்ளே இறங்காமல் வெள்ளையாக மேலேயே நின்றது. இதையெல்லாம் வறட்சி என்று நினைத்துக்கொண்டு கிரீமின் அளவைக் கூட்டினேன். ஹேர் மாஸ்க் டப்பா இரண்டு காலி. இந்த முழு அனுபவத்திலும் எனக்கு அதிகம் வருத்தம் தருவது அந்த ஆறு மாதம்தான். கிரீமும் சீரமும் முடிமேல் விட்டுப்போகும் படலம்தான் படிவு. அந்தப் படிவுக்கு மேல் படிவைப் பூசிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

ஆரம்பிக்கும் முன் மூன்று அளவுகளை எழுதி வைத்தேன். வலது காதுக்கு மேலே ஒரு சுருளைத் தேர்ந்தெடுத்தேன். ஈரத்தில் நேராக இழுத்துப் பிடித்தால் 38 செ.மீ. காய்ந்து தானாகத் தொங்கும்போது 33 செ.மீ. அதாவது சுருள் என்று பேர்தானே தவிர, சுருங்குவது 5 செ.மீ. மட்டுமே. முழுக்கக் காய 7 மணி நேரம். நனைய, மேலே சொன்ன 1 நிமிடம் 40 நொடி. இந்த மூன்று எண்களும் இல்லாமல் போயிருந்தால் பின்னால் எது பலித்தது, எது பலித்த மாதிரி தோன்றியது என்று பிரித்துப் பார்த்திருக்க முடியாது.

முதல் இரண்டு வாரம் வினிகரில் போயிற்று. 5 சதவீத அமிலம் உள்ள சாதாரண வினிகர் 15 மி.லி., தண்ணீர் 250 மி.லி. கலந்து, ஷாம்புவுக்குப் பிறகு ஊற்றி 2 நிமிடம் விட்டு அலசினேன். அன்று முடி வழுவழுப்பாகவே இருந்தது. சிக்கும் சுலபமாகப் பிரிந்தது. சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன். அடுத்த குளியலில் நனையும் நேரத்தைப் பார்த்தால் 1 நிமிடம் 35 நொடி. ஐந்து நொடி குறைந்ததை முன்னேற்றம் என்று சொல்ல முடியாது. மென்மையான அமிலம் முடியின் மேல் செதில்களைப் படிய வைக்கிறது, அதனால் வழுக்குகிறது. வழுவழுப்புக்காகக் கண்டிஷனரிலும் சீரத்திலும் சேர்க்கும் சிலிக்கோன், முடிமேல் படலமாக நிற்கும். அந்தப் படலத்தை அது கரைப்பதில்லை. இரண்டையும் நான் குழப்பிக்கொண்டேன்.

மூன்றாவது வாரம் சமையல் சோடா. ஒரு தேக்கரண்டியைத் தண்ணீரில் குழைத்துத் தேய்த்தேன். இதை யாரும் செய்ய வேண்டாம் என்று மனதாரச் சொல்கிறேன். சோடாக் கரைசலின் பி.எச்., அதாவது அமில-கார அளவு, 8-க்கு மேல். நம் தலைத்தோலின் மேற்பரப்பு 5.5 அளவில் இருக்கிறது. முடித்தண்டு அதைவிடவும் அமிலப் பக்கம். சோடா பட்டதும் செதில்கள் தூக்கிக்கொண்டு ஒன்றோடொன்று மாட்டிக்கொண்டன. அலசும்போது முடி கிறீச்சிட்டது. அந்தச் சத்தத்தைச் சுத்தம் என்று எடுத்துக்கொண்டேன். சிக்கு எடுக்க 50 நிமிடம் ஆனது, சீப்பில் முறிந்த துண்டுகள் நிறைய. காய்ந்ததும் பரட்டையாக எழுந்து நின்றது, தொங்கிய சுருள் மட்டும் திரும்பி வரவில்லை. ஒரு வாரம் தலையைத் தொடவே பயமாக இருந்தது.

நான்காவது வாரம் 'கிளாரிஃபையிங்', அதாவது படிவை நீக்குவது, என்று பெரிதாக அச்சிட்ட ஒரு ஷாம்பு வாங்கினேன். மூன்று தடவை போட்டும் மாற்றம் இல்லை. அப்போதுதான் பாட்டிலைத் திருப்பி, பின்பக்கத்துப் பொடி எழுத்துகளை முதல் தடவையாகப் படித்தேன். நடுவில் பாலிகுவாட்டர்னியம்-7. இது நேர் மின்னூட்டம் உள்ள பாலிமர். நனைந்த முடியின் மேற்பரப்பில் எதிர் மின்னூட்டம் இருப்பதால் அதில் போய் ஒட்டிக்கொள்ளும். ஷாம்புவை அலசும்போதே முடியில் படிய வேண்டும் என்றுதான் இதைச் சேர்க்கிறார்கள். முடி மென்மையாகத் தெரிவதற்காக. ஆக, படிவை எடுக்க வாங்கியதே இன்னொரு படிவைத் தந்துகொண்டிருந்தது. முன்பக்கத்து வார்த்தைக்கு ஒரு மதிப்பும் இல்லை, பின்பக்கத்துப் பட்டியல்தான் பொருள்.

அன்று ராத்திரி வீட்டிலிருந்த எல்லா டப்பாவையும் மேசையில் வைத்து, நானும் தங்கையும் ஒவ்வொன்றாகப் படித்தோம். என் கண்டிஷனரில் அமோடைமெத்திகோன் என்ற சிலிக்கோன். சீரத்தில் டைமெத்திகோன், டைமெத்திகோனால் என்று இன்னும் இரண்டு சிலிக்கோன் முதல் நான்கு பெயருக்குள். லீவ்-இன்னில் ஷியா வெண்ணெய், தேன்மெழுகு, பாலிகுவாட்டர்னியம்-10. ஜெல்லில் முடியைப் பிடித்து நிறுத்தும் பி.வி.பி. இதில் பி.வி.பி. தண்ணீரில் கரையும், அதைப் பற்றிக் கவலை இல்லை. பெயருக்கு முன்னால் பெக் (PEG) என்று எண்ணோடு வரும் சிலிக்கோன்களும் பெரும்பாலும் தண்ணீரில் போய்விடும். மற்றவை எல்லாம் என் மென்மையான ஷாம்புவுக்கு எளிதில் அசையாத சரக்கு.

அப்புறம் தங்கை ஒரு காரியம் செய்தாள். 60 மடங்கு பெரிதாக்கும் சின்னக் கைலென்ஸை என் முடி ஒன்றின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, மெழுகுவத்தி ஒழுகின மாதிரி திட்டுத் திட்டா இருக்கு, நீயே பாரு" என்றாள். கறுப்புத் துணியில் முடியை வைத்து, வேரிலிருந்து நுனிவரை நகத்தால் வழித்தேன். நகத்தின் ஓரத்தில் வெள்ளையாக, பிசுபிசுப்பாக ஒரு கீற்று வந்தது. நுனியில் குறைவு, நடுப்பகுதியில், அதாவது கிரீமை அழுத்திப் பூசும் இடத்தில், நிறைய. இந்த நகச் சோதனையை முதல் நாளே செய்திருக்க வேண்டும். தண்ணீர் டம்ளரில் முடியைப் போட்டு மிதக்கிறதா, மூழ்குகிறதா என்று பார்க்கும் சோதனையை முன்பு செய்திருந்தேன். படலம் போர்த்திய முடி எப்படியும் மிதக்கத்தான் செய்யும். அதை வைத்து என் முடி தண்ணீரை ஏற்காத வகை என்று முடிவு கட்டியது இன்னொரு தவறு.

இனிமேல் தலையில் நேரடியாக எதையும் போட்டுப் பார்ப்பதில்லை என்று தீர்மானித்தேன். ஒரு நாளைக்கு 50 முதல் 100 முடி உதிர்வது சாதாரணம். சுருள்முடியில் அவை உள்ளேயே மாட்டிக்கொண்டு, சிக்கு எடுக்கும் நாளில் மொத்தமாக வரும். அப்படிச் சீப்பில் வந்ததைச் சேர்த்து, 12 முடி வீதம் ஐந்து கற்றை கட்டினேன். ஒவ்வொன்றின் முனையிலும் வேறு வேறு நிற நூல். சிவப்பு நூல் கற்றை வெறும் குழாய்த் தண்ணீரில், வெள்ளை நூல் வினிகரில், நீல நூல் என் பழைய ஷாம்புவில். பச்சை நூலுக்கு சோடியம் லாரெத் சல்ஃபேட் உள்ள, சிலிக்கோனும் பாலிகுவாட்டர்னியமும் இல்லாத மலிவு ஷாம்பு. கறுப்பு நூலுக்கும் அதே ஷாம்பு, ஆனால் கடைசி அலசல் காய்ச்சி வடித்த நீரில். ஷாம்பு போடும் ஒவ்வொன்றுக்கும் ஷாம்பு 1 மி.லி., வெதுவெதுப்பான தண்ணீர் 5 மி.லி., 3 நிமிடம் விரல்களுக்கிடையே உருட்டல், இரண்டு முறை.

ராத்திரி முழுக்கக் காயவிட்டுக் காலையில் பார்த்தேன். சிவப்பும் வெள்ளையும் அப்படியே இருந்தன, நகத்தில் வெள்ளைக் கீற்று. நீலத்தில் பாதி போயிருந்தது. பச்சையிலும் கறுப்பிலும் லென்ஸில் மெழுகுத் திட்டு ஒன்றுகூட இல்லை, நகத்தில் எதுவும் வரவில்லை. ஆனால் இரண்டுமே தொட்டால் சொரசொரப்பு. வெளிச்சத்தில் பிடித்தால் மங்கல். கடைசி அலசல் தண்ணீரை மாற்றியும் சொரசொரப்பு போகவில்லை என்றால், இன்னும் ஏதோ ஒன்று முடியிலேயே தங்கியிருக்கிறது என்று அர்த்தம். அது என்ன என்று அப்போது பிடிபடவில்லை. முதல் பாதியைத் தலையில் செய்து பார்க்கலாம் என்று கிளம்பினேன்.

ஆறாவது வாரம் இடது பக்கம் மட்டும். நடுவில் வகிடு எடுத்து, வலது பக்கத்தைக் கட்டிக் கிளிப் போட்டு, பிளாஸ்டிக் உறையால் மூடிக்கொண்டேன். இதில் ஒரு சின்னத் தவறு. பழக்கத்தில் ஷாம்புவை வேரில் மட்டும் தேய்த்துவிட்டு, வழியும் நுரையே நீளத்துக்குப் போதும் என்று விட்டுவிட்டேன். தினசரிக் கழுவலுக்கு அது சரியான முறைதான். படிவு நடுவில் இருக்கும்போது அது போதாது. காய்ந்ததும் வேரில் எழுச்சி இருந்தது, நடுவில் பழைய தொங்கல். மறுபடி அதே பக்கம், இந்தத் தடவை நான்கு கற்றையாகப் பிரித்து, ஒவ்வொன்றின் நடுப்பகுதிக்கும் தனியாக. இடது பக்கம் ஐந்து மணி நேரத்தில் காய்ந்தது. வலது பக்கம் வழக்கம்போல ஏழு. ஏழாவது வாரம் முழுத் தலைக்கும் செய்தேன். நனையும் நேரம் 35 நொடிக்கு இறங்கியது. ஆனால் கற்றையில் கண்ட அதே சொரசொரப்பும் மங்கலும் இப்போது தலை முழுக்க.

இங்கேதான் தண்ணீரின் மேல் சந்தேகம் வந்தது. குழாயின் வாயில் வெள்ளைப் பொருக்கு படிவதை வருடக்கணக்காகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன், முடியோடு அதைச் சேர்த்து நினைத்ததில்லை. கடினத்தன்மை பார்க்கும் பட்டையை நனைத்தேன், லிட்டருக்கு 250 மி.கி. என்ற நிறம் காட்டியது. 180-க்கு மேல் போனாலே மிகக் கடின நீர் என்று வகைப்படுத்துகிறார்கள். கால்சியமும் மக்னீசியமும் ஒவ்வொரு அலசலிலும் முடியில் ஒட்டிக்கொண்டிருந்திருக்கின்றன. சல்ஃபேட் அதை எடுக்காது. தாதுவைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் பொருள் வேண்டும். இ.டி.டி.ஏ. அந்த வேலையைச் செய்கிறது.

இ.டி.டி.ஏ. என்று போட்ட ஷாம்புவைத் தேடி வாங்கி, அதிலும் ஒரு தடவை தவறினேன். பட்டியலின் கடைசியில், வாசனைப் பொருளுக்குப் பிறகு டைசோடியம் இ.டி.டி.ஏ. இருந்தது. அந்த இடத்தில் இருந்தால் ஷாம்பு கெடாமல் இருப்பதற்கான சிறு அளவு மட்டுமே, முடிக்கு ஒன்றும் செய்யாது. ஒன்பதாவது வாரம்தான் சரியானது கிடைத்தது. நீச்சல் குளத்துக்குப் போகிறவர்களுக்கென்று விற்பது, டெட்ராசோடியம் இ.டி.டி.ஏ. பட்டியலின் முன்பாதியிலேயே இருந்தது, பாலிகுவாட்டர்னியம் எதுவும் இல்லை. பச்சை நூல் கற்றையை முதலில் அதில் கழுவினேன். காய்ந்ததும் விரலில் வழுக்கியது. பளபளப்பும் வந்துவிட்டது. சீரம் ஒரு சொட்டும் இல்லாமல்.

பலித்த அந்த நாளின் வேலையை விவரமாகச் சொல்கிறேன். காய்ந்த முடியிலேயே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கு எடுத்தேன், 20 நிமிடம். பிறகு எட்டுக் கற்றையாகப் பிரித்துக் கிளிப். மூக்கு நீண்ட பிளாஸ்டிக் பாட்டிலில் சல்ஃபேட் ஷாம்பு 20 மி.லி., தண்ணீர் 60 மி.லி. அளக்க, மருந்து பாட்டிலோடு வந்த 10 மி.லி. மூடி. வெதுவெதுப்பான தண்ணீரில் முழுதாக 3 நிமிடம் நனைத்தேன். இந்த மூன்று நிமிடம் கட்டாயம். உள்ளே காய்ந்திருக்கும் முடியில் ஷாம்பு போய்ச் சேராது. கற்றை கற்றையாக ஊற்றி, தலைத்தோலை விரல் நுனியால் தேய்த்து, நீளத்தை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து மேலிருந்து கீழாக மட்டும் நீவினேன். கசக்கினால் சிக்கு விழும். முதல் தடவை நுரையே வரவில்லை. பிசுக்கு அதிகம் இருந்தால் நுரை அடங்கிவிடும். அலசிவிட்டு இரண்டாவது தடவை 15 மி.லி. போட்டதும் தலை முழுக்கக் கெட்டியான நுரை. அந்த வித்தியாசம்தான் முதல் கட்டம் முடிந்ததற்கு அடையாளம்.

அடுத்து இ.டி.டி.ஏ. ஷாம்பு 25 மி.லி., தண்ணீர் கலக்காமல். தடவி 5 நிமிடம் விட்டேன். கண்ணில் பட்டால் நன்றாக எரியும், நெற்றியில் ஒரு துண்டைக் கட்டிக்கொள்வது நல்லது. இந்த வரிசையை மாற்றக் கூடாது என்பது என் அனுபவம். முந்தின வாரம் பின்னங்கழுத்துக் கற்றை ஒன்றை இதற்கென்று மெழுகு எடுக்காமல் விட்டிருந்தேன். அதில் இ.டி.டி.ஏ.-வை முதலில் போட்டபோது பலன் தெரியவில்லை. மேலே மெழுகு மூடியிருக்கும்போது அடியிலுள்ள தாதுவை அது எட்டாது.

அலசி முடித்ததும் முடி உடுப்பில்லாத மாதிரி இருந்தது. மெல்லிசாக, லேசாக, கொஞ்சம் முரடாக. பயப்பட வேண்டாம். சிலிக்கோன் இல்லாத கண்டிஷனரைத் தாராளமாக, 40 மி.லி. வரை பூசி, 10 நிமிடம் கழித்து விரலால் கோதி அலசினேன். பருத்தி டி-ஷர்ட்டால் ஒற்றி எடுத்தேன். கிரீம், ஜெல் எதுவும் போடவில்லை. இதையும் ஒரு தவறிலிருந்துதான் கற்றேன். ஏழாவது வாரம் கழுவிய கையோடு பழைய கிரீமைப் பூசிவிட்டதால், என் முடி தானாக எப்படி இருக்கும் என்பதே தெரியாமல் போயிற்று.

நாலரை மணி நேரத்தில் காய்ந்தது. அதே வலது காதுச் சுருள், தொங்கும் நீளம் 26 செ.மீ. முன்பு ஐந்து சுருங்கியது இப்போது பன்னிரண்டு. நான் கண்ணாடிக்கு முன்னால் அளவு நாடாவைப் பிடித்துக்கொண்டு நிற்க, தங்கை வந்து சுருளை இழுத்து விட்டாள். அது துள்ளிப் போய் ஒட்டிக்கொண்டது. "சின்ன வயசுல இருந்த மாதிரியே இருக்குக்கா" என்றாள். முறிந்த நுனிகள் மட்டும் திரும்பி வரவில்லை. சோடாவால் உடைந்தவை அவை, 3 செ.மீ. வெட்டிவிட்டேன். தலையில் இருந்த அரிப்பும் வெள்ளைத் தூளும் அந்த வாரமே நின்றன. பொடுகு என்று நான் நினைத்திருந்தது உதிர்ந்த படிவுதான். படிவு போன பிறகும் அரிப்போ சிவப்போ தொடர்ந்தால் அது வேறு விஷயம், தோல் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

செலவைப் பொறுத்தவரை, உருப்படியாகப் பயன்பட்டவை நான்குதான். சாதாரண சல்ஃபேட் ஷாம்பு, இ.டி.டி.ஏ. ஷாம்பு ஒரு பாட்டில், கடினத்தன்மைப் பட்டை, லென்ஸ். மாதத்துக்கு ஒரு தடவை 25 மி.லி. என்றால் 250 மி.லி. இ.டி.டி.ஏ. பாட்டில் பத்து மாதம் வரும். மாஸ்க் இரண்டு, தவறான ஷாம்பு இரண்டு, பாதி வினிகர் பாட்டில் வீண். நான் வீணாக்கியதன் விலை, பயன்பட்டதன் விலையைப் போல இரண்டு மடங்கு இருக்கும்.

மறுபடி முதலிலிருந்து செய்வதாக இருந்தால், நகச் சோதனையும் தண்ணீர்ப் பட்டையும் முதல் நாள். கற்றைச் சோதனை இரண்டாம் நாள், அதில் ஆறாவதாக இ.டி.டி.ஏ. கற்றை ஒன்று. தலையில் கை வைப்பது அதற்கப்புறம். ஒன்பது வாரத்தில் செய்ததைப் பத்து நாளில் முடித்திருக்கலாம். சாயம் போட்ட முடி என்றால் காதுக்குப் பின்னால் ஒரு கற்றையில் பார்த்துவிட்டுத்தான் இறங்க வேண்டும், பலமான ஷாம்பு நிறத்தைச் சீக்கிரம் வெளுக்க வைக்கும். இந்த முழுக் கழுவலை வாரா வாரம் செய்யவும் கூடாது. முடியின் சொந்த எண்ணெயும் போய்விடும், சுருள்முடியில் அது வேரிலிருந்து நுனிக்கு இறங்குவதே சிரமம்.

இப்போது பழைய ஷாம்புவுக்கே திரும்பியிருக்கிறேன், அது நல்ல ஷாம்புதான். கண்டிஷனரை மாற்றிவிட்டேன். சீரத்தை விட்டுவிட்டேன். தண்ணீரில் கரையும் ஜெல் மட்டும், ஒரு குளியலுக்கு 8 மி.லி. பதினொன்றாவது வாரமான இன்று நனைந்த நேரம் 14 நொடி. அது 30-ஐத் தொடும் நாளில் சல்ஃபேட், சொரசொரப்பு தெரியும் நாளில் இ.டி.டி.ஏ. என்று நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி, பக்கத்தில் பச்சை நூல் கற்றையையும் சிவப்பு நூல் கற்றையையும் டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன். விரலை இரண்டின் மேலும் மாற்றி மாற்றி ஓட்டிப் பார்த்தால் போதும், தலை எந்தப் பக்கம் போய்க்கொண்டிருக்கிறது என்று தெரிந்துவிடும்.